பதின்வயதுப் பிள்ளையின் சொல்லுக்கு நீதிமன்றத்தில் என்ன இடம்?

குடும்ப நீதிமன்றத்துக்கு வரும் பெற்றோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டால் அம்மாவிடம் இருப்பதா அப்பாவிடம் இருப்பதா என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளலாம் என்பார்கள். சிலர் பதினான்கு என்பார்கள். அந்த வயது வரட்டும் என்று வழக்கை இழுத்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வயது எங்கும் எழுதப்படவில்லை. இருப்பதெல்லாம் சில சட்டங்களில் சிதறிக் கிடக்கும் ஒன்றிரண்டு வரிகளும், அவற்றை வைத்து நீதிமன்றங்கள் காலப்போக்கில் எழுதிய தீர்ப்புகளும்தான். அவற்றைச் சேர்த்து வாசித்தால் ஒன்று புலப்படுகிறது. பதின்வயதுப் பிள்ளையின் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த விருப்பத்தை யார் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டபின் அதை என்ன செய்வது என்பதைத்தான் எவரும் ஒழுங்குபடுத்தி வைக்கவில்லை.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடில்லாமல் நீதிமன்றங்கள் இதைக் கையாள்கின்றன. அதன் 17(3) பிரிவு, விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் வயதுள்ள மைனரின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. கருத்தில் கொள்ளலாம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த வயது என்ற வரையறையும் இல்லை. 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் 38-ஆம் பிரிவிலும், 1955-இன் இந்துத் திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவிலும் ஓரடி முன்னே வைக்கின்றன: பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது, யார் செலவைப் பார்ப்பது, எங்கே படிக்கவைப்பது என்ற உத்தரவுகள் முடிந்தவரை பிள்ளைகளின் விருப்பத்துக்கு இசைவாக இருக்க வேண்டும். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட நல்ல வரி இது. வழக்காடும் பெற்றோர் பலருக்கு இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது.

1956-இன் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம் தந்தையை முதல் இயற்கைப் பாதுகாவலர் என்றது. தாய் அவருக்குப் பின். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்தியது. தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் பாதுகாவலராகச் செயல்பட முடியும் என்று விளக்கம் தந்தது. அதே சட்டத்தின்படி ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும். ஐந்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் என்ன? அங்கே 13-ஆம் பிரிவின் ஒரே அளவுகோல்தான்: மைனரின் நலனே தலையாயது. நலன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். ஏழு வயதுக் குழந்தையின் நலனும் பதினாறு வயதுப் பெண்ணின் நலனும் ஒன்றாகிவிடுமா?

உச்ச நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்திருக்கிறது? சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-இல் வந்த தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற கருத்தை அது நிலைநாட்டியது. இன்னொன்றையும் சொன்னது: பிள்ளை யாரிடம் இருப்பது என்ற உத்தரவு என்றைக்கும் இறுதியானதல்ல, நிலைமை மாறினால் உத்தரவும் மாறலாம். பதின்வயதினர் விஷயத்தில் இந்த இரண்டாவது கருத்துதான் அதிகம் பயன்படுவது. எட்டு வயதில் போட்ட உத்தரவு பதினான்கில் பொருந்தாமல் போவது இயல்பு.

2008-இல் வந்த இரண்டு தீர்ப்புகளில் பிள்ளையின் சொல் முன்னுக்கு வந்தது. ஒன்றில், சுமார் பத்து வயதுச் சிறுவனிடம் நீதிபதிகள் தங்கள் அறையில் பேசினார்கள். அவன் தந்தையை விட்டு வர விரும்பவில்லை. தந்தையிடமே இருக்க விட்டார்கள். மற்றொன்றில், தாயை இழந்த சிறுவனைத் தாய்வழித் தாத்தா பாட்டி வளர்த்துவந்தார்கள்; தாயின் சாவு தொடர்பாகத் தந்தைமீது குற்ற வழக்கு நிலுவையில் இருந்தது. பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமலேயே கீழ் நீதிமன்றங்கள் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னது தவறு என்றது உச்ச நீதிமன்றம். அவனை நேரில் அழைத்துப் பேசி, தாத்தா பாட்டியிடமே விட்டது. ஆனால் 2017-இல் வேறு ஒரு வழக்கில், தந்தையிடமே இருக்கிறேன் என்று சொன்ன ஒரு சிறுமியை நீதிமன்றம் தாயிடம் அனுப்பியது. மிகச் சிறு வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவள் அவள். தாயோடு வாழ்ந்து பார்க்காத குழந்தை தாயை வேண்டாம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது காரணம். சொன்ன சொல்லோடு, அது எங்கிருந்து பிறந்தது என்பதையும் நீதிமன்றம் எடைபோட்டிருக்கிறது. இந்த அணுகுமுறை சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு குறையும் கண்ணில் படுகிறது. பெயர்பெற்ற தீர்ப்புகளில் பெரும்பாலானவை பத்து வயதை ஒட்டிய, அதற்கும் கீழான குழந்தைகளைப் பற்றியவை. பதினான்கு பதினைந்து வயதினர் அரிதாகவே தென்படுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் வழக்குகளின் நீளம். கென்யாவில் வாழும் தந்தைக்கும் டெல்லியில் வாழும் தாய்க்கும் இடையே நடந்த வழக்கு, மகன் மூன்று வயதை எட்டுமுன் தொடங்கியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னபோது அவன் பதினொன்றை நெருங்கிவிட்டான். அவனுடைய விருப்பத்தையும் கேட்டறிந்து, தாயோடு தொடர்பு அறுந்துவிடாமலிருக்க நிபந்தனைகள் விதித்து, தந்தையிடம் அனுப்ப உத்தரவிட்டார்கள். நிபந்தனைகள் காப்பாற்றப்படவில்லை. 2021-இல் நீதிமன்றம் அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. பிள்ளை தன் மனதைச் சொன்னது சரி. அதற்குப் பின் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அவனா பொறுப்பு?

வேறு சில நாடுகள் வயதைக் குறித்தோ வழிமுறையை வகுத்தோ வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பதினான்கு வயது நிறைந்த பிள்ளை யாரோடு இருப்பது என்று தானே தேர்ந்தெடுக்கலாம். அது பிள்ளையின் நலனுக்கு எதிரானது என்று நீதிபதி கண்டால் மட்டுமே மாற்ற முடியும். கலிபோர்னியாவில் பதினான்கு வயதுப் பிள்ளை நீதிமன்றத்திடம் பேச விரும்பினால் அனுமதிக்க வேண்டும். மறுப்பதானால் நீதிபதி காரணம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில், பெற்றோர் இருவரும் ஒத்துக்கொண்டு பொறுப்பை ஒருவருக்கு மாற்றக் கேட்டால்கூடப் பதினான்கு வயதுப் பிள்ளை அதை எதிர்க்கலாம். இங்கிலாந்தின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதி பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் பிள்ளையின் விருப்பத்தையும் உணர்வையும் முதலில் வைத்திருக்கிறது. வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதை எடைபோடச் சொல்கிறது. பதினாறு தாண்டியவர்கள் விஷயத்தில் அபூர்வமான சூழல் இருந்தாலொழிய அங்கே நீதிமன்றம் இத்தகைய உத்தரவே போடுவதில்லை. நியூசிலாந்தில் பிள்ளைக்கென்று தனி வழக்கறிஞரை நியமிக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான ஒரு மரபும் உண்டு. இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஷாஃபி மத்ஹப், பகுத்தறியும் பருவத்தை, ஏறத்தாழ ஏழு வயதை எட்டிய குழந்தை தாய் தந்தையரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் பெருமளவில் பின்பற்றும் வழி இது. தாயும் தந்தையும் உரிமை கோரி நின்றபோது நபிகள் ஒரு சிறுவனிடமே விட்டார் என்றும், அவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டான் என்றும் வரும் ஹதீஸ் இதற்கு அடிப்படைகளில் ஒன்று. பிள்ளையைக் கேட்பது என்பது மேலைநாட்டுப் புதுமை, நம் குடும்பங்களுக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்கலாம்.

ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-இல் வந்தது. அதன் 12-ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லவும், வழக்குகளில் கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் இதை ஏற்றது. ஏற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் 17(3) பிரிவு 1890-இல் எழுதியபடியே இருக்கிறது.

பதின்வயதுப் பிள்ளையால் இப்படியொரு முடிவை எடுக்க முடியுமா? 1982-இல் வைதார்ன், கேம்ப்பெல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒன்பது, பதினான்கு, பதினெட்டு, இருபத்தொரு வயதினரிடம் மருத்துவ முடிவுகள் பற்றிய கற்பனைச் சூழல்களைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். பதினான்கு வயதினர் பெரியவர்களுக்கு இணையாகவே யோசித்தார்கள். பிற்கால ஆய்வுகள் இதற்கு ஒரு எல்லை வகுத்தன. அவசரமில்லாத, நிதானமான சூழலில் பதினாறு வயது வாக்கில் பெரியவர்களின் தரத்துக்கு முடிவெடுக்கிறார்கள். கோபமும் நண்பர்களின் தூண்டலும் நெருக்கடியும் சேர்ந்தால் அந்த நிதானம் இன்னும் சில ஆண்டுகளுக்குக் கைகூடுவதில்லை. விவாகரத்து நடக்கும் வீடு நிதானமான சூழலா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூடித் வாலர்ஸ்டைனும் ஜோன் கெல்லியும் கலிபோர்னியாவில் மணமுறிவு கண்ட குடும்பங்களின் 131 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1980-இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்கள் கடுங்கோபத்தோடு ஒரு பெற்றோரின் பக்கம் சேர்ந்து மற்றவரை ஒதுக்கும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. நம் ஊரில் பன்னிரண்டு வயதானால் பிள்ளையே முடிவு செய்யலாம் என்று பேசிக்கொள்ளும் அந்த வயதும் இதற்குள்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவில் பார்க்கின்சனும் கேஷ்மோரும் செய்த ஆய்விலும், இங்கிலாந்தில் கேரல் ஸ்மார்ட் செய்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வருவது வேறொன்று: தங்களைக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புகிறார்கள், முடிவின் சுமையைத் தங்கள் தோளில் ஏற்றுவதைப் பலரும் விரும்புவதில்லை. இந்தப் பிரச்சினையின் சாரம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று நேராகக் கேட்டால் வரும் பதிலுக்குப் பின்னால் என்னென்ன இருக்கும்! பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பள்ளியும் டியூஷனும் தோழர்களும்தான் உலகம். அதை விட்டுப் போக வேண்டாம் என்பதற்காகவே அப்பா வீட்டைச் சொல்லும். அம்மா தனியாகிவிடுவாளே என்று அம்மாவைச் சொல்லும் பிள்ளை இருக்கிறது. அதன் மனம் அப்பாவுக்காக ஏங்கினாலும் வாய் அதைச் சொல்லாது. யார் உடைந்துபோயிருக்கிறாரோ அவர் பக்கம் சாய்ந்து, தானே அவருக்குக் காவலாகிவிடும் பிள்ளைகள் பல. தம்பி தங்கையைப் பிரிய மனமில்லாமல் அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்கிறவர்கள் உண்டு. பாட்டி இருக்கும் வீடு, படிப்புக்குத் தனியறை உள்ள வீடு, வேலைக்குப் போன அம்மா இரவு எட்டு மணிக்குத்தான் வருவாள் என்ற நிலை, புதிதாக வந்த சிற்றன்னை, அம்மாவின் இரண்டாவது கணவர் இருக்கும் வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு வரும் அச்சம் என எல்லாமே அந்த ஒற்றைப் பதிலுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. போனும் பைக்கும் வாங்கித் தருகிறேன் என்று விலை பேசும் பெற்றோரும் இருக்கிறார்கள். நீ போய்விட்டால் நான் செத்துப்போவேன் என்று பிள்ளையிடம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இது அடிப்பதற்குக் குறையாத கொடுமை.

சுற்றத்தாரின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. ஆண்பிள்ளை என்றால் வம்சத்துக்கு வாரிசு, அப்பன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று பெரியப்பாவும் அத்தையும் ஓதுவார்கள். வயதுக்கு வந்த பெண் அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று தாய்மாமன் சொல்லுவார். இதோடு சொத்துப் பயமும் சேர்ந்துகொள்ளும்: அம்மாவோடு போனால் அப்பாவின் சொத்தில் ஒன்றும் கிடைக்காது என்று பிள்ளையின் காதில் போடுவார்கள். இது பொய். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகனும் மகளும் முதல் வகுப்பு வாரிசுகள். பெற்றோர் பிரிந்ததாலோ யாரோடு வளர்ந்தார்கள் என்பதாலோ அது மாறுவதில்லை. ஜீவனாம்சமும் அப்படியே. தன்னோடு வரவில்லை என்பதற்காக மைனர் பிள்ளையின் செலவைத் தந்தை நிறுத்த முடியாது. பதின்வயதுப் பிள்ளையிடம் விருப்பம் கேட்பதற்கு முன்னால் இந்த உண்மைகளை யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். பயத்தில் சொன்ன விருப்பத்தை விருப்பமென்று எப்படி எடுத்துக்கொள்வது?

பிள்ளை ஒருவரை வெறுத்து ஒதுக்கும்போது நீதிமன்றங்கள் இப்போது அடிக்கடி எடுக்கும் சொல், பெற்றோர் விலக்கம். ஒருவர் மற்றவருக்கு எதிராகப் பிள்ளையின் மனதைக் கெடுத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985-இல் இதை ஒரு நோய்க்குறித் தொகுதியாக முன்வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. 2023-இல் பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐக்கிய நாடுகள் சிறப்பு அறிக்கையாளர், குடும்ப வழக்குகளில் இக்கருத்தைப் பயன்படுத்துவதைத் தடைசெய்ய வேண்டும் என்றே பரிந்துரைத்தார். அடியிலிருந்து தப்பி வந்த தாய்மார்கள்மீதே இது திரும்பிவிடுகிறது என்பது அவர் வாதம். பிள்ளையின் மனதைக் கெடுக்கும் பெற்றோர் இல்லை என்று நான் சொல்லவில்லை; நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அப்பா அம்மாவை அடித்ததைக் கண்ணால் பார்த்த பதிமூன்று வயதுப் பிள்ளை அப்பாவிடம் போகமாட்டேன் என்றால், அதற்குச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவையில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி பிள்ளையின் பேச்சிலேயே இருக்கிறது. சொல்லிக்கொடுத்த பேச்சில் வக்கீல் நோட்டீஸின் வார்த்தைகள் வரும். நாள், இடம், சாப்பாடு, சத்தம் என்று விவரம் கேட்டால் தடுமாறும். பட்டு அறிந்த பேச்சில் விவரங்கள் தாமாக வரும். இதைக் கண்டறியப் பயிற்சியும் நேரமும் வேண்டும்.

அந்த நேரம்தான் இல்லை. சேம்பருக்குள் பிள்ளையை அழைத்து நீதிபதி பேசுவது நல்ல வழக்கம். பெற்றோரும் வக்கீல்களும் வெளியே நிற்பார்கள். ஆனால் ஒரு நாளைக்குப் பல பத்து வழக்குகள் பட்டியலில் இருக்கும் நீதிமன்றத்தில் அந்தப் பேச்சு எவ்வளவு நேரம் நடக்கும்? ஆட்கொணர்வு மனுவில் அழைத்துவரப்படும் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். போலீஸ்காரர் கூட வர, உயர் நீதிமன்ற வராந்தாவில் இரண்டு குடும்பங்களும் முறைத்துக்கொண்டு நிற்க, அங்கே அது மனதைத் திறக்க வேண்டும். 1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களுக்கும் உளவியல் வல்லுநர்களின் உதவிக்கும் வழி செய்திருக்கிறது. அந்த ஆலோசகர்கள் பலமுறை பேசி அறிக்கை தர முடியும். 2019-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்குகளில் ஆலோசகரின் அறிக்கையை நீதிமன்றம் பயன்படுத்தலாம், ரகசியம் என்ற காரணம் அதைத் தடுக்காது என்றது. நீதிமன்றத்துக்கு அது உதவிதான். ஆனால் தான் சொன்னது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தெரியப்போகிறது என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரகசியம் என்று நம்பிச் சொன்ன சொல் பின்னால் வாதத்தில் படித்துக் காட்டப்பட்டால், அந்தப் பிள்ளை அதன்பின் எந்தப் பெரியவரை நம்பும்?

குற்ற வழக்குகளில் நம் சட்டம் காட்டும் கவனத்தோடு இதை ஒப்பிட்டால் வருத்தமே வருகிறது. 2012-இன் போக்சோ சட்டம் குழந்தையின் வாக்குமூலத்தை எங்கே, யார் முன்னிலையில், எப்படிப் பதிவு செய்வது என்று விரிவாகச் சொல்கிறது. நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப அலைய வைக்கக் கூடாது என்கிறது. 2015-இன் சிறார் நீதிச் சட்டம் பிள்ளையின் பங்கேற்பை அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதே சட்டம், கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பதினாறு வயதுப் பையனை, மதிப்பீடு செய்தபின், பெரியவர்களைப் போல விசாரிக்கவும் இடம் தருகிறது. தண்டிக்கும்போது அவனுக்கு விவரம் தெரியும் என்று கருத முடிகிற அரசு, எந்த வீட்டில் தூங்கி எழுவது என்பதில் அவனைக் கேட்பதைக் கட்டாயமாக்காமல் விட்டிருப்பது நியாயமில்லை.

நடைமுறையில், பதினாறு வயதுப் பிள்ளையை அது விரும்பாத வீட்டில் எந்த உத்தரவாலும் நிறுத்திவைக்க முடியாது. பஸ் ஏறி மற்ற வீட்டுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் நீதிமன்ற வளாகத்தில் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்ற உத்தரவு ஐந்து வயதில் பொருந்தலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் அது எரிச்சலைத்தான் வளர்க்கும். இந்த வயதில் கேட்க வேண்டியது யார் வீடு என்பதைவிட, வாரம் எப்படி ஓடும், விடுமுறை எங்கே, பரீட்சை நேரத்தில் எங்கே, கூடப்பிறந்தவர்களை எப்போது பார்ப்பது, போன் பேச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டுமா என்பவைதான். இவற்றுக்குப் பிள்ளை தயக்கமில்லாமல் பதில் சொல்லும். அதற்காக அது யாரையும் கைவிட்டதாகவும் ஆகாது. 2015-இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதைச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அந்தப் பாதையில் போனால், ஒருவரைத் தேர்ந்தெடு என்று பிள்ளையை நிறுத்தும் நிலை பல வழக்குகளில் எழாமலேயே போகும். அடியும் மிரட்டலும் உள்ள வீடுகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

ஆகவே 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(3) பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். பன்னிரண்டு வயது தாண்டிய ஒவ்வொரு பிள்ளையையும், அது பேச மறுத்தாலொழிய, பயிற்சி பெற்ற ஒருவர் குறைந்தது இரண்டு முறை தனியே சந்தித்துக் கேட்பது கட்டாயமாக வேண்டும். பதினான்குக்கு மேல் பிள்ளையின் தெளிவான விருப்பத்துக்கு மாறாக உத்தரவிடும் நீதிபதி காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். பிள்ளைக்குப் புரியும் மொழியில் அதைச் சொல்லவும் ஏற்பாடு வேண்டும். சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று பெற்றோரிடம் இருக்கிறது. யாரோடு வருகிறாய் என்ற கேள்வியை உங்கள் பிள்ளையிடம் நீங்கள் கேட்காதீர்கள். யாரோடு இருந்தாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று இருவரும் தனித்தனியே சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.